முதல் தாளின் மஞ்சள் கறை

என் மகள் படித்த புத்தகங்களை எழுதியவர்கள் எல்லோரும் செத்து இருநூறு வருடங்களுக்கு மேலாகிறது. அந்தப் புத்தகங்களில் ஒன்றை நான் பழுதாக்கினேன். வேண்டுமென்று செய்யவில்லை. கும்பிடப் போய்த்தான் செய்தேன். அதை எழுதி வைக்கச் சொல்லி மனம் அரித்துக்கொண்டே இருக்கிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பயந்தவன். சுவிஸில், ஃப்ரிபூர்க் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ்ஸில் ஏறி, அடுத்த தரிப்பிலேயே இறங்கி, அடுப்பு அணைந்து நூர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் திரும்பி நடந்த நாட்கள் கனக்க உண்டு. கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு மகள் வரும்வரை காத்திருப்பேன். இரண்டாயிரத்து ஒன்பதில், ஊரில் கடைசிச் சண்டை நடந்தபோது, இரவு பகலாய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தோம். மே மாதத்துக்குப் பிறகு அதற்குப் பக்கத்தில் இருக்க ஒரு காரணமும் இல்லாமல் போனது. பயம் மட்டும் மிஞ்சியது. அதை எங்காவது வைக்க வேண்டியிருந்தது, மகளின் படிப்பின் மேல் வைத்தேன்.

அவள் ஆங்கிலம் படித்தாள். பட்டம் எடுத்த பிறகு இங்கேயே பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வைத் தொடங்கினாள். கோயிலில் ஆட்கள் கேட்பார்கள், பிள்ளை என்ன செய்யிறா, டொக்டரோ, வங்கியோ என்று. ஆயிரத்து எழுநூறுகளில் இங்கிலாந்தில் அச்சடித்த புத்தகங்களைப் பற்றிப் படிக்கிறா என்று சொல்வேன். அதிலை என்ன வேலை எடுக்கலாம் என்பார்கள். அதே கேள்விதான் எனக்கும். ஆனால் அவளிடம் கேட்கப் பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெங்காயம் உரிக்க, அவள் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து அந்த வாரம் பார்த்ததைச் சொல்வாள். நான் நினைத்திருந்தது கதைப் புத்தகம், பாட்டுப் புத்தகம், வேதப் புத்தகம், அவ்வளவுதான். அவள் சொல்லச் சொல்லத்தான் தெரிந்தது, அந்தக் காலத்தில் அந்த ஊரில் அச்சடிக்காத சாமான் இல்லை. குதிரைக்கு வயிறு ஊதினால் என்ன கொடுப்பது என்று ஒரு புத்தகம். நாள் நட்சத்திரம், சந்தை நாள், கடல் ஏற்ற இறக்கம் பார்க்க, எங்கள் பஞ்சாங்கம் மாதிரி வருடத்துக்கு ஒன்று. பாதிரியார்மாரின் பிரசங்கங்கள் கட்டுக்கட்டாய். தேனீ வளர்ப்பது, பிள்ளைப்பேறு பார்ப்பது, நடனம் ஆடுவது, அரசாங்கத்தைத் திட்டுவது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாய்ப் புத்தகம். பெட்டிக்காரர்கள் ஊசி நூலோடு சேர்த்துத் தோளில் கொண்டுபோய் விற்ற அட்டையில்லாத சின்னப் புத்தகங்கள் வேறு.

என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: ஆர் எழுதினது?

அதற்கு அவள் சொல்லும் பதில்கள்தான் எனக்குப் பிடித்தவை. பாதிப் புத்தகங்களில் பெயரே இல்லையாம். 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று இருக்குமாம், 'நாட்டுப்புறத்துக் கனவான் ஒருவர்' என்று இருக்குமாம். அந்தச் சீமாட்டி சிலவேளை மூன்று பிள்ளைகளோடு கைவிடப்பட்ட ஒரு மனுசி. அந்தக் கனவான் சிலவேளை அச்சுக்கூடத்துக்கு மேல்மாடியில் குளிரில் இருந்து, தாளுக்கு இவ்வளவு என்று கூலிக்கு எழுதியவன். கப்பலே ஏறாதவன் உலகத்தைச் சுற்றிவந்த கதை எழுதினான். செருப்புத் தைத்தவன் பாட்டு எழுதினான். அந்தப் பாட்டுப் புத்தகத்தின் முன்பக்கத்தில், அச்சடிக்க முன்பணம் தந்த ஆட்களின் பெயர் வரிசையாய் இருந்ததாம்.

"கோயில் ரியூப்லைற்றிலை உபயம் எண்டு எழுதுற மாதிரியோ?" என்று கேட்டேன்.

"அதேதான் அப்பா. வெளிச்சத்தைவிட உபயம் பெரிசாத் தெரியும்," என்றாள்.

இன்னொரு நாள், தூக்குமரத்தடியில் விற்ற ஒற்றைத் தாள்களைப் பற்றிச் சொன்னாள். தூக்கில் போடப்படுகிறவன் கடைசியாய்ச் சொன்ன வார்த்தைகள் அதில் இருக்குமாம். அவன் இன்னும் வண்டியில் வந்துகொண்டிருக்கும்போதே சனம் அதை வாங்கி வாசிக்குமாம்.

"அவன் வாய் திறக்க முதலே அச்சடிச்சிட்டினமோ?"

"ஓம். முதல் நாளே."

"பிறகு அவன் வேறை ஏதும் சொன்னால்?"

"ஆர் கேக்கப் போயினம், அப்பா."

அதற்கு நான் சிரிக்கவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில், எங்கள் ஆட்களில் ஒருவர்தான் எல்லோருக்கும் அகதி விண்ணப்பம் எழுதித் தந்தவர். நல்ல கையெழுத்து. எனக்கு நடந்ததை நான் அழுதழுது சொன்னேன். அவர் எழுதித் தந்ததை வாசித்தபோது, முதல் ஐந்து வரி என் கூட்டாளிக்கு எழுதியதே எனக்கும் இருந்தது. அதைப் பாடமாக்கிக்கொண்டு போய் விசாரணையில் ஒப்பித்தேன். அந்தக் கதையை எழுதியவர் ஆர் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? இதை மகளிடம் சொன்னேன். உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

அவளுடைய ஆய்வு அச்சைப் பற்றியது மட்டுமில்லை. அந்தப் புத்தகங்களை வாங்கியவர்கள், இரவல் எடுத்தவர்கள், வேலைக்காரர்கள், பிள்ளைகள், அவற்றில் கையால் என்ன எழுதிவைத்தார்கள் என்பதுதான். அப்படிக் கிறுக்கிய புத்தகங்கள் நூலகங்களில் குறைவாம். அந்தக் காலத்து நூலகர்களுக்குச் சுத்தமான புத்தகம்தான் வேண்டும். பல இடத்துக்கும் கடிதம் எழுதி, கடைசியில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தாள்.

ஃப்ரிபூர்க்கிலிருந்து பஸ்ஸில் அரை மணித்தியாலம் போக ஒரு கிராமம். அந்த வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மிருக வைத்தியர், சுவிஸ்காரர். அவருடைய மனைவி ஆங்கிலேயப் பெண். வாழ்நாள் முழுக்க இப்படிக் கிறுக்கல் விழுந்த பழைய புத்தகங்களாய்த் தேடிச் சேர்த்து, ஏழு அலுமாரி நிறைத்துவிட்டு இறந்துபோனா. மனைவி போன பிறகு அவர் அந்த அலுமாரிகளை ஒருவருக்கும் திறந்து காட்டவில்லை. என் மகளுக்குத் திறந்தார். ஒரு நேரத்தில் ஒரு புத்தகம். அதைத் திருப்பிக் கொண்டுவந்தால் அடுத்தது. சாம்பல் நிற மட்டையில் அவரே மடித்த ஒரு பெட்டிக்குள் வைத்துத் தருவார். கையெழுத்து இல்லை, பத்திரம் இல்லை.

ஏதாவது ஒரு தாளில் எழுதி வாங்கு பிள்ளை என்று எத்தனையோ தரம் சொன்னேன். இந்த நாட்டில் குப்பை போடுவதற்கும் தாள் இருக்கிறது. தாள் இல்லாமல் ஒருவர் ஒன்றைத் தந்தால் எனக்கு நித்திரை வராது. அவருக்கு என் சொல் போதுமாம் அப்பா என்று அவள் சொன்னாள். அந்தக் கதவு மூடினால் என் ஆய்வும் மூடினதுதான் அப்பா என்று ஒருநாள் பகிடியாய்ச் சொன்னாள். நான் அதைப் பகிடியாய் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தச் சாம்பல் பெட்டி வீட்டில் இருக்கும் நாட்களில், தண்ணீர்க் குழாய் கசிகிறதா என்று கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்றாவது வருடம், நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, அவள் ஒரு சமையல் புத்தகம் கொண்டுவந்தாள். ஒரு சீமாட்டி எழுதியது. கையகலம்தான். முன்னட்டை கழன்று தனியாய் இருந்தது, அதனால் திறக்காமலே முதல் தாள் தெரியும். அந்த முதல் தாளின் மேல்பக்கத்தில் மண்ணிற மையில் மூன்று வரி கையெழுத்து. ஒரு சமையல்காரப் பிள்ளை எழுதியது. தன் பெயர், தான் கலியாணம் முடித்து வேலையை விட்டுப் போகிறபோது வீட்டுக்கார அம்மா இதைத் தந்தா என்பது, மூன்றாவதாய், இந்தச் சீமாட்டி எல்லாவற்றுக்கும் சீனியை அள்ளிப் போடுகிறா, பாதி போதும் என்பது. அதை வாசித்துக்காட்டும்போது என் மகளின் முகம் இருந்த மாதிரியை நான் பிறகு அதிகம் பார்க்கவில்லை.

"இருநூற்றைம்பது வருசம் அப்பா. அச்சடிச்ச பெரிய மனுசிக்கு எதிர்த்துச் சொல்லியிருக்கிறா."

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பகுதி வீட்டு வேலைகளைப் பற்றியது. எனக்காகவே அவள் அதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போனாள். லினன் துணியில் வைன் பட்டால் உப்பும் பாலும். இரும்புக் கறைக்கும் மைக் கறைக்கும் எலுமிச்சம்புளி விட்டு வெயிலில் போட வேண்டும். சரிதான், சீமாட்டிக்குத் தொழில் தெரியும் என்றேன். அப்போதுதான் அவள் இன்னொன்றும் சொன்னாள். அந்தக் காலத்துத் தாள் மரத்தில் செய்ததில்லையாம். கிழிந்த சட்டை, படுக்கை விரிப்பு, பழந்துணி எல்லாம் சேர்த்து ஊறவைத்து அடித்துச் செய்ததாம். அவள் தாளைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடிக்க, நான் நுனியை இரண்டு விரலால் தொட்டேன். உண்மைதான். பலதரம் தோய்த்த நல்ல துணியின் மெதுமை. எத்தனையோ வருடம் ஆஸ்பத்திரி விரிப்புகளைத் தொட்ட விரல் அது. அந்தப் புத்தகங்களில் எனக்கும் விளங்குகிற ஒன்று இருக்கிறது என்று சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம்தான் என்னைக் கெடுத்தது.

சரஸ்வதி பூசைக்கு ஒவ்வொரு வருடமும் மகளின் புத்தகத்தைப் படத்துக்கு முன் வைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பாலர் வகுப்புக் காலத்திலிருந்து தவறவில்லை. இங்கத்தைப் பள்ளிக்கூடப் புத்தகங்களுக்குப் பிளாஸ்டிக் உறை போடுவோம், அடுத்தநாள் காலை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் பொட்டு போய்விடும். பல்கலைக்கழகம் போன பிறகு அவள் மடிக்கணினியை வைப்பாள். அந்த வருடம் அவள் காலையிலேயே பேர்ண் நகரத்தில் ஒரு கூட்டத்துக்கு மடிக்கணினியோடு போய்விட்டாள். மனைவி முதியோர் இல்லத்தில் பகல் வேலை. எனக்கு அன்றும் மறுநாளும் ஓய்வு. அவல், கடலை, பொங்கல் எல்லாம் ஆயத்தம். புத்தகம் இல்லை.

அவளுக்கு மூன்று தரம் அழைத்தேன், எடுக்கவில்லை. கூட்டத்தில் இருப்பாள். என் மூளை எப்படி வேலை செய்யும் என்பதை முதலே சொல்லிவிட்டேன். இந்த வருடம் புத்தகம் வைக்காமல் விட்டால், அந்த ஆய்வு முடியாமல் போனால், அதற்கு நான்தான் காரணம் என்று வாழ்நாள் முழுக்க நினைப்பேன். அவளுடைய மேசையில் சாம்பல் பெட்டி இருந்தது. இவளுக்குப் படிப்புத் தருவது இந்தப் புத்தகம்தானே, இதைவிட எதை வைப்பது என்று நினைத்தேன். பெட்டியோடு வைத்திருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. சரஸ்வதிக்கு மட்டைப் பெட்டியையா காட்டுவது என்று எடுத்து வெளியே வைத்தேன். கழன்ற அட்டையைப் பக்கத்தில் வைத்தேன். சந்தனம் கொஞ்சம் தண்ணியாய்ப் போயிருந்தது. முதல் தாளில், எழுத்தில் படாமல் கவனமாய், மேல் ஓரத்தில் ஒரு பொட்டு. அதன் மேல் குங்குமம். கற்பூரம் காட்டி, இவள் படிப்பு நல்லபடி முடிய வேண்டும் என்று கும்பிட்டேன். அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது. அடுத்தநாள் விஜயதசமி காலையில்தான் எடுப்பது.

மாலை மகள் வந்து, களைப்பில் பொங்கல் சாப்பிட்டுவிட்டு நேரே படுக்கப் போனாள். சாமி இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் காலையில் சொல்வோம் என்றிருந்தேன். காலையில் நான் சாமியறைக்குப் போக முதல் அவள் வகுப்புக்குப் போய்விட்டாள்.

சந்தனம் காய்ந்து செதிலாய் உதிர்ந்தது. அதற்குக் கீழே தாளில் சிவப்பு ஊறியிருந்தது. பெருவிரல் நகத்தளவு. கீழே இருந்த தாளிலும் இலேசாய்.

அந்த நேரம் பெட்டிக்குள் வைத்து மூடி, அவள் வரும்வரை சும்மா இருந்திருக்க வேண்டும். சும்மா இருக்க எனக்குத் தெரியாது. துணிக் கறை என் தொழில். அந்தக் குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்தது, ஊரிலிருந்து ஒருவர் கொண்டுவந்து தந்தது. கறி பட்ட தலையணை உறையில் சவர்க்காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும், புளி பட்டால் சிவப்பு திரும்ப மஞ்சளாகும், மஞ்சளை வெயில் எடுத்துவிடும். இதைச் சலவைக்கூடத்துக்குப் புதிதாய் வருகிறவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். தாள் என்பது துணிதான் என்று மகளே சொல்லியிருக்கிறாள். ஒரு எலுமிச்சையைப் பிழிந்தேன். முதல் தாளுக்குக் கீழே வெள்ளைக் கைக்குட்டை விரித்து, பஞ்சுக் குச்சியால் ஒற்றினேன். நான் நினைத்தபடியே சிவப்பு மஞ்சளானது. ஆனால் மஞ்சள் பரந்தது. பரந்த இடத்தை ஒற்ற, இன்னும் பரந்தது. பல்கனியில் வெயில் நல்லாய் இருந்தது, கொண்டுபோய் வைத்தேன். காய, மறுபடி ஒற்றினேன். மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

நிமிர்ந்து பார்த்தபோது அச்செழுத்து அப்படியே இருந்தது. கையெழுத்து இல்லை. மேல் இரண்டு வரி முழுதாய்ப் போய், மூன்றாவதின் கடைசியில் இரண்டு சொல் மட்டும், ஜன்னல் கண்ணாடியில் ஊதிய மூச்சு மறைகிற மாதிரி, மறைந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அதற்கு ஊதினேன். காய்ந்தால் நின்றுவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

நாலு மணிக்கு மகள் வந்தாள். நான் பல்கனியிலேயே இருந்தேன், கைக்குட்டை கையில். அவள் பார்த்தாள். கத்தவில்லை. நிலத்தில் குந்தியிருந்து, தாளைத் தொடாமல், அதற்கு மேலே கையைக் கூரை மாதிரிப் பிடித்து வெயிலை மறைத்தாள்.

"படம் எடுக்கேல்லை அப்பா. நாளைக்கு நல்ல கமெராவிலை எடுப்பம் எண்டு இருந்தனான்."

வரிகளை அவள் தன் கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். ஆனால் அது அவளுடைய கையெழுத்து. அந்தப் பிள்ளையின் கை போய்விட்டது.

கையை எடுக்காமலே சொன்னாள், "எலுமிச்சம்புளி மையை எடுக்கும் எண்டு அந்தப் புத்தகத்திலையே கிடக்கு. உங்களுக்கு வாசிச்சும் காட்டினனான்."

காட்டினாள்தான். சீமாட்டிக்குத் தொழில் தெரியும் என்று நான்தான் சொன்னேன்.

மனைவி வேலையால் வந்து, விசயம் கேட்டு, காலணியைக் கழற்றாமலே கதிரையில் இருந்துவிட்டா. "இஞ்சேருங்கோ, நான் ஒருநாள் வீட்டிலை இல்லாட்டி சாமியும் உங்களிட்டைத் தப்பாது" என்றா. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனா.

இப்போது எழுத வெட்கமாய் இருக்கிறது, ஆனால் நான் கேட்டேன். எவ்வளவோ வருடத்துப் புத்தகம்தானே, கறை முதலே இருந்ததென்று சொன்னால் என்ன? மகள் என்னைப் பார்த்தாள். "அவர் என்ரை சொல்லுக்குத்தான் தந்தவர்" என்றாள். அவ்வளவுதான்.

சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். வராதீங்கோ என்று அவள் சொல்லியும் போனேன். பெட்டி அவளுடைய மடியில். என் மடியில் மனைவி கட்டித்தந்த மோதகம். வெறுங்கையோடு போகக்கூடாது. பிரெஞ்சில் நாலு வசனம் பாடமாக்கியிருந்தேன். விசாரணைக்குப் போன நாளில் மாதிரியே, பஸ்ஸில் அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

கதவைத் திறந்தவர் மெலிந்து உயர்ந்த மனிதர். கம்பளிச் சட்டையின் முழங்கையில் தோல் ஒட்டுப் போட்டிருந்தது. நான் "மொஸ்யூ, நான்தான்" என்றேன். மொஸ்யூ என்றால் ஐயா. மற்ற மூன்று வசனமும் வரவில்லை. மகள் பெட்டியைத் திறந்து வைத்தாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். பிறகு குனிந்து மணந்து பார்த்தார்.

"சித்ரோன்," என்றார். எலுமிச்சை.

மிருக வைத்தியர். வாய் பேசாத சீவன்களின் நோயை மணந்தே கண்டுபிடித்துப் பழகியவர். மகள் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினாள். அவள் கையசைவைப் பார்த்து, கதையில் எந்த இடத்துக்கு வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. படத்துக்கு முன்னால் வைப்பது, விரலால் பொட்டு, பஞ்சால் ஒற்றுவது. கடைசியில் அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன கேக்கிறார்?"

"பொட்டு வைச்சு என்ன கேட்டனீங்கள் எண்டு கேக்கிறார்."

"உன்ரை படிப்பு முடியவேணும் எண்டு."

அதை அவள் என்னைப் பார்க்காமல் பிரெஞ்சில் சொன்னாள்.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஒரு வேலை இருந்திருக்கும், பொறுத்துக்கொள்வது. அவர் கோபப்படவில்லை. தன் மனைவி அந்தப் புத்தகத்தை எங்கே வாங்கினா என்று சொன்னார். இங்கிலாந்தில் ஒரு சின்னப் பட்டினம், மழை, கடைக்கு வெளியே நனைந்துகொண்டிருந்த ஒரு பெட்டி. சீனி பாதி போதும் என்ற வரியைப் பார்த்து, நடுத்தெருவில் நின்று சிரித்தாவாம். அதற்காகத்தான் வாங்கினாவாம். அதைச் சொல்லிவிட்டுப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பிறகு சொன்னார்: இனி ஒரு புத்தகமும் இந்த வீட்டை விட்டுப் போகாது. செவ்வாயும் வெள்ளியும் இரண்டிலிருந்து ஐந்து மணிவரை இங்கே குசினியில், சமையல் மேசையில் வந்து பார்க்கலாம், நான் பக்கத்தில் இருப்பேன்.

கதவு மூடவில்லை. ஒரு விரலளவு திறந்து நின்றது. மோதகத்தை வாங்கிக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மகள் விரலை மடித்து எண்ணினாள். இன்னும் எத்தனை அலுமாரி, வாரத்துக்கு ஆறு மணித்தியாலம். ஒரு வருடம் கூடுதலாய்ப் போகும் என்றாள். பல்கலைக்கழகத்தில் அவளுடைய வேலை ஒப்பந்தம் அதற்கு முதல் முடிகிறது. நான் அவருடைய வீட்டைக் கழுவித் துடைத்துக் கொடுக்கட்டுமா, யன்னல் சீலைகளைத் தோய்த்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"சும்மா இருங்கோ அப்பா. இப்ப எனக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி அதுதான்."

எனக்கு ஆகக் கடினமான உதவியைத்தான் கேட்டாள்.

குளிர்காலம் வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை பனி கொட்டியது, பஸ் ஓடுமோ என்ற பயத்தில் நானும் கூடப் போனேன். அவள் உள்ளே போக, நான் எதிரே தரிப்பிடத்தில் நின்றேன். அவர் ஜன்னலால் கண்டுவிட்டு வந்து கூப்பிட்டார். குசினி மூலையில் ஒரு கதிரை தந்தார். மூன்று மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். ஒன்றையும் தொடவில்லை.

அன்றுதான் அவள் வாயால் சொன்னவற்றைக் கண்ணால் கண்டேன். சுவரில் தொங்கவிட மூலையில் ஓட்டை போட்ட பஞ்சாங்கம். தூக்குமரத்தின் படம் போட்ட ஒற்றைத் தாள், அதன் ஓரம் யாரோ மடியில் வைத்து மடித்த மடிப்பில் கிழிந்திருந்தது. தீப்பெட்டியளவு சிறுபிள்ளைப் புத்தகம் ஒன்று, மூலையில் பால்பல் கடித்த தடம். ஒரு பிரசங்கத்தின் பின்பக்கத்தில் பாதிரியார் கண்டிருக்கவே முடியாத ஒரு நாய் வரைந்திருந்தது, வாலை மட்டும் இரண்டு தரம் திருத்தி. மெழுகு சொட்டியது, வைன் சிந்தியது, பூச்சி தின்றது. அவள் ஒவ்வொன்றையும் அளந்து, எழுதி, அடுத்த தாளைத் திருப்பினாள். அவர் எதிரே இருந்து ஒரு குதிரை வைத்தியப் புத்தகத்தை வாசித்து, இடைக்கிடை தலையை ஆட்டினார். அந்தக் குதிரை செத்திருக்கும் என்று சொன்னாராம், மகள் பிறகு சொன்னாள். அத்தனை பேர் கை பட்ட புத்தகங்களுக்கு நடுவில், என் கையைத்தான் எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அவள் வில் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பாதி நேர ஆங்கில ஆசிரியையாய்ப் போனாள். நாட்டின் மற்றப் பக்கம். அங்கிருந்து ரயிலில் வந்து, வெள்ளிக்கிழமை மட்டும் அந்தக் குசினி மேசைக்குப் போனாள். ஒரு வருடம் என்றது இரண்டானது. உங்களால்தான் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் ரயில் பிந்துகிறதா என்று நான் தொலைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். அதால் ஒரு ரயிலும் முந்தி வரவில்லை.

ஆய்வு ஒரு வழியாய் முடிந்து, அச்சடித்து, தடித்த புத்தகமாய் வந்தது. அதைக் கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை, கடைசிப் பக்கங்களைத் திறந்து காட்டினாள். அந்த அலுமாரிகளில் இருந்த ஒவ்வொரு புத்தகமும், எழுதியவர் ஆர், தெரியாவிட்டால் தெரியாது, அதில் இருக்கும் கையெழுத்துகள், கறைகள். ஒரு இடத்தில் விரலை வைத்து எனக்குத் தமிழில் சொன்னாள். சமையல் புத்தகம், ஒரு சீமாட்டி எழுதியது. முதல் தாளில் முன்பு மூன்று வரி இருந்தது, அவை இவை. இப்போது மேல் ஓரத்தில் மஞ்சள் கறை. சந்தனம், குங்குமம், எலுமிச்சம்புளி. வழிபாட்டின்போது, ஃப்ரிபூர்க்கில், சலவைத் தொழிலாளி ஒருவரால்.

அதை எடுக்க ஏலாதோ என்று கேட்டேன். அச்சடிச்சாச்சு அப்பா என்றாள். நாலு நூலகத்துக்குப் போயும்விட்டதாம்.

"என்ரை பேர்?"

"போடேல்லை."

"ஏன் பிள்ளை எழுதினனீ?"

"அந்தப் பிள்ளையின்ரை மூண்டு வரி எங்கை போச்சுது எண்டு பிறகு ஆரும் தேடினால்? நடந்ததை எழுதத்தானே வேணும்."

அந்த வருடச் சரஸ்வதி பூசைக்கு அவள் வீட்டில் இருந்தாள். தன் ஆய்வுப் புத்தகத்துக்கு, பள்ளிக்கூடக் காலத்தில் போட்ட மாதிரியே, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டுவந்து படத்துக்கு முன் வைத்தாள். பொட்டை வையுங்கோ அப்பா, துடைச்சால் போயிடும் என்றாள். சந்தனத் தட்டை எடுத்தேன். விரலைத் தோய்த்தேன். புத்தகத்துக்கு மேலே கொண்டுபோன விரல் அங்கேயே நின்றது. மனைவி மணியை ஆட்டிக்கொண்டே இருந்தா. கையை எடுத்து, விரலை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தேன். புத்தகத்துக்குப் பக்கத்தில், அதில் படாமல், ஒரு பூவை வைத்தேன்.

சாரத்தில் பட்ட மஞ்சளை நான் இன்னும் தோய்க்கவில்லை.